கப்பலில் வந்த வாத்தியார்கள்

ஒரு கப்பல் நிறைய வாத்தியார்கள். நினைத்துப் பார்த்தாலே லேசாக வயிற்றைக் கலக்குகிறது இல்லையா? பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஸ்டாஃப் ரூம். அந்தப் பக்கம் போகவே நமக்கெல்லாம் எத்தனை பயம்! இது ஐந்நூறு பேருக்கு மேல். ஒரே கப்பல். ஒரு மாதப் பயணம்.

1901-ம் வருடம் ஜூலை 23-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது அந்தக் கப்பல். பெயர், தாமஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு அணிக்காகச் சண்டை போட்ட ஜெனரல் ஜார்ஜ் தாமஸின் நினைவாக வைத்த பெயர். வழக்கமாகச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போகிற ராணுவக் கப்பல். இந்தத் தடவை சாக்பீஸ் கோஷ்டி. ஆண்கள் அதிகம், பெண்களும் கணிசமாக இருந்தார்கள். கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு வந்தவர்கள், ஏற்கெனவே எங்கோ கிராமத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், கல்யாணமான புதிதில் ஜோடியாகக் கிளம்பியவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. நடுவில் ஹோனலுலுவில் ஒரு நிறுத்தம். அப்புறம் நேராக மணிலா. ஆகஸ்ட் 21 அன்று போய்ச் சேர்ந்தார்கள்.

கப்பல் பெயரே பிற்பாடு அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. தாமசைட்ஸ். பிலிப்பைன்ஸில் இன்றைக்கும் சரித்திரப் புத்தகத்தில் இந்தச் சொல் வராமல் இருக்காது. முன்னே பின்னே வேறு கப்பல்களில் வந்த அமெரிக்க வாத்தியார்களையும் சேர்த்தே அப்படிச் சொல்லிவிடுவார்கள்.

எதற்காகப் போனார்கள்? சேவை, சாகசம், ஊர் பார்க்கிற ஆசை எல்லாம் இருந்தது. கூடவே சம்பளமும் இருந்தது. மாதம் 75 டாலரில் தொடங்கி 125 டாலர் வரை தரலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அமெரிக்கக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த உச்ச சம்பளத்தில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். ராணுவக் கப்பலில் இடம் கொடுத்தது அரசாங்கம். வெளிநாட்டில் வேலை என்றால் இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் என்ன கணக்குப் போடுகிறார்களோ, அதே கணக்குதான்.

ஆனால், அந்த வேலை எங்கிருந்து முளைத்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பிலிப்பைன்ஸை 333 வருடம் ஆண்டது ஸ்பெயின். 1896-ல் அந்த மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஹொசே ரிஸால் என்ற கண் டாக்டர், நாவலாசிரியர், பன்மொழி வித்தகர். கிளர்ச்சிக்குக் காரணம் நீதான் என்று அவரை அந்த வருடம் டிசம்பர் 30-ம் தேதி சுட்டுக் கொன்றது ஸ்பெயின். 1898-ல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் யுத்தம் மூண்டது. மணிலா விரிகுடாவில் ஸ்பானிஷ் கப்பல்களை அமெரிக்கா ஒரே காலைப்பொழுதில் துவம்சம் செய்தது. போராட்டத்தின் தலைவராக இருந்த எமிலியோ அகுவினால்டோ, சனி விட்டது என்று ஜூன் 12-ம் தேதி சுதந்தரப் பிரகடனமே செய்துவிட்டார்.

பிரகடனம் என்னவோ செய்தாகிவிட்டது. பட்டா வேறு பேரில் மாறிக்கொண்டிருந்தது. டிசம்பரில் பாரிஸில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2 கோடி டாலரை வாங்கிக்கொண்டு பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது ஸ்பெயின். அப்போது அந்தத் தீவுகளில் 70 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். நான் பி.காம். படித்தவன், வகுக்காமல் இருக்க முடியாது. தலைக்கு 3 டாலர்கூடத் தேறவில்லை.

1899 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போர். நேற்றுவரை கைகொடுத்தவன் இன்றைக்கு எஜமான் என்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? படு பயங்கரமான போர் அது. கெரில்லா யுத்தம், ஊர் எரிப்பு, சித்ரவதை எல்லாம் நடந்தது. அதற்கு நடுவிலேயே சிப்பாய்கள் ஆங்காங்கே பள்ளிக்கூடமும் நடத்திக்கொண்டிருந்தார்கள். ராணுவத் தளபதி ஆர்தர் மெக்கார்தர் இந்த விஷயத்தில் ரொம்ப வெளிப்படை. (இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற டக்ளஸ் மெக்கார்தரின் அப்பா.) பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று சிபாரிசு செய்தபோது, இது முழுக்க முழுக்க ராணுவ நடவடிக்கைக்கு ஒத்தாசையாகத்தான் என்று எழுதியே கொடுத்துவிட்டார். தோட்டா ஒரு பக்கம், சிலேட்டு ஒரு பக்கம். மூடி மறைக்கிற வேலையெல்லாம் இல்லை.

1901 ஜனவரி 21-ம் தேதி ‘சட்டம் எண் 74’ வந்தது. நாடு முழுக்க இலவசப் பள்ளிகள். பாடமொழி, கூடிய சீக்கிரம் ஆங்கிலம். அமெரிக்காவிலிருந்து ஆயிரம் ஆசிரியர்களைத் தருவிக்கலாம். அந்த ஆயிரத்தில் பெரிய தவணைதான் தாமஸ் கப்பல்.

ஆங்கிலம் ஏன்? தீவுக்குத் தீவு மொழி மாறுகிறது, நூற்றுக்கு மேல் மொழி இருக்கிறது, பொதுவாக ஒன்று வேண்டாமா என்றார்கள். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும். அந்த நாட்டில் படிப்பே இல்லாத மாதிரியும், இவர்கள் போய்த்தான் அகர முதல எழுத்தைக் காட்டப் போகிற மாதிரியும் அமெரிக்காவில் ஒரு பேச்சு இருந்தது. மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611-ல் தொடங்கியது. ஹார்வர்ட், 1636. ஸ்பெயின்காரர்கள் 1863-லேயே ஊருக்கு ஊர் ஆரம்பப் பள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார்கள். நடைமுறையில் அது பாதிரியார்கள் தயவில் அரைகுறையாக ஓடியது என்பது வேறு விஷயம். அவ்வளவு ஏன், அகுவினால்டோவின் குட்டிக் குடியரசு 1898 அக்டோபரிலேயே சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. சண்டை வந்தது. மூடிவிட்டார்கள்.

தாமஸில் வந்து இறங்கியவர்களை முதலில் மணிலாவிலேயே தங்க வைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு ஊர் ஒதுக்கிப் பட்டியல் போட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால்கூடச் சட்டென்று அகப்படாத ஊர்கள். மாட்டு வண்டி, படகு, கால்நடை. சிலருக்கு ஐம்பது கல் சுற்றளவில் வேறு அமெரிக்க முகமே கிடையாது, பட்டாளத்தானைத் தவிர.

அவர்கள் வந்து சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும். செப்டம்பர் 28-ம் தேதி சாமர் தீவில் பாலாங்கிகா என்ற ஊரில் மக்கள் திரண்டு அமெரிக்க முகாமைத் தாக்கினார்கள். 48 சிப்பாய்கள் செத்துப் போனார்கள். பதிலடி கொடுக்கப் போன ஜெனரல் ஜேகப் ஸ்மித் போட்ட உத்தரவு, ஆயுதம் தூக்கக்கூடிய யாரையும் விடாதே, கொல் என்பது. எத்தனை வயதுக்கு மேல் என்று கீழ் அதிகாரி கேட்டார். பத்து வயதுக்கு மேல் என்று பதில் வந்தது. பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. அந்த உத்தரவு அப்படியே அட்சரம் பிசகாமல் நிறைவேறவில்லை என்பது உண்மை. ஆனாலும் சாமரில் ஊர் ஊராக எரிந்தது. ஸ்மித்தை 1902-ல் ராணுவக் கோர்ட் விசாரித்து, கண்டித்து, வீட்டுக்கு அனுப்பியது. அவ்வளவுதான். சாமருக்கு அடுத்த தீவு லெய்ட்டே. நடுவில் ஒரு குறுகலான ஜலசந்தி. இந்தக் கரையில் தாமசைட் ஒருத்தர் கரும்பலகை மாட்டி, பத்து வயசுப் பையன்களுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1902-ல் காலரா. இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. வாத்தியார்களையும் விட்டுவைக்கவில்லை. செபு தீவில் நான்கு அமெரிக்க ஆசிரியர்களைக் கொன்று போட்டார்கள். நோயும் கொலையுமாக முதல் 20 மாதத்தில் மட்டும் தாமசைட்களில் 27 பேர் போய்ச் சேர்ந்தார்கள். மணிலா வடக்குக் கல்லறையில் அமெரிக்க ஆசிரியர்களுக்கென்றே தனியாக ஓர் இடம் இருக்கிறது.

சம்பளமாவது ஒழுங்காக வந்ததா? ஒப்பந்தத்தில் இருந்தது அமெரிக்கத் தங்க டாலர். அந்த ஊரில் புழங்கியது மெக்சிகோ வெள்ளிக் காசு. ஒரு டாலருக்கு இரண்டு வெள்ளி என்பது சர்க்கார் கணக்கு. 1902-ல் சந்தையில் வெள்ளி விலை மளமளவென்று சரிந்தது. கையில் வாங்கிய வெள்ளியை ஊருக்கு அனுப்ப டாலராக மாற்றப் போனால் அடி. 1903-ல் புதிய பிலிப்பைன்ஸ் நாணயம் அடித்து, இரண்டு பெசோ ஒரு டாலர் என்று நிலைநிறுத்திய பிறகுதான் இந்தக் கூத்து அடங்கியது. வளைகுடாவில் இருக்கிற மாப்பிள்ளைகள் ரியால் ரேட்டைப் பார்த்துப் பார்த்துப் பணம் அனுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த உள்ளூர் ஆசிரியருக்குச் சம்பளம் தரவேண்டியது ஊராட்சி. அது இதில் ஒரு துளிதான்.

சரி, வகுப்பறைக்குள் போவோம்.

அமெரிக்கப் பிள்ளைகளுக்காக அச்சடித்த பாடப்புத்தகம் அப்படியே மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஆப்பிள், பனி, பனிச்சறுக்கு வண்டி, வெள்ளைக்காரக் குழந்தைகள். ஆப்பிள் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, உள்ளூர் உதவி ஆசிரியருக்கும் தெரியாது. பனியை எதைக் காட்டி விளக்குவது? ஒருவர் தன் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், குரங்குகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது, அலுப்பாக இருக்கிறது என்கிற ரீதியில் புலம்பியிருக்கிறார். அந்தக் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. எல்லோரும் அப்படி இல்லை. கபீஸில் வேலை பார்த்த மேரி ஃபீ என்ற டீச்சர் வேறு சிலரோடு சேர்ந்து, பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்கென்றே 1907-ல் ஒரு முதல் வகுப்புப் பாடப்புத்தகம் எழுதினார். வந்து ஆறு வருடம் கழித்துத்தான் அது சாத்தியமாயிற்று.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார்ட்டர் வுட்ஸன். அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். பையன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு, இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்கே போனான். அந்த வுட்ஸன் 1903-ல் பிலிப்பைன்ஸுக்கு வாத்தியாராக வந்தார். மாதம் 100 டாலர். சொந்த நாட்டில் வெள்ளைக்காரனோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியாத கறுப்பர், அந்த நாட்டின் பிரதிநிதியாக இன்னொரு நாட்டில் போய்ப் பாடம் நடத்துகிறார். நுவேவா எசிஹா மாகாணத்தில் முதலில் வேலை. தபால் வழியில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். 1907-ல் வேலையை விட்டார். பிறகு ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்கக் கறுப்பர் சரித்திரத்துக்கே தகப்பன் என்று பேர் வாங்கினார்.

1933-ல், கறுப்பர்களுக்குக் கொடுக்கப்படுகிற கல்வியின் லட்சணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் பிலிப்பைன்ஸ் வருகிறது. பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் கல்வியியல் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்கள் வகுப்பில் தடுமாறினார்களாம். ஜெயித்தவர் யார் தெரியுமா? இன்ஷூரன்ஸ் தொழிலில் இருந்து வந்த ஒருவர். அதுவரை ஒரு நாள்கூட வாத்தியார் வேலை பார்த்திராதவர். அவர் பேரை வுட்ஸன் சொல்லவில்லை. அந்த மனிதர் முதலில் புத்தகத்தை ஓரமாக வைத்தார். சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிற பொருளையெல்லாம் கொண்டுவந்து வகுப்பறையில் குவித்தார். பாம்பைப் பற்றிப் பாடமா, பாம்பையே கொண்டுவந்துவிடுவார். முதலை என்றால் முதலை. (தலைமை ஆசிரியர் என்ன பாடுபட்டாரோ!) ஜார்ஜ் வாஷிங்டன் பொய்யே சொல்லமாட்டார் என்கிற கதையை விட்டுவிட்டு, அவர்களுடைய ரிஸாலைப் பற்றிச் சொன்னார். ஆப்பிள் மரத்தை உலுக்கச் சொல்லி ஒரு பாட்டு உண்டு. அதில் ஆப்பிளை எடுத்துவிட்டு லோம்போய் மரம் என்று மாற்றிப் பாட வைத்தார். பிள்ளைகள் தினம் தினம் ஏறி உலுக்குகிற மரம்.

லோம்போய் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்காதீர்கள். நம் நாவல் மரம்தான். அதே மரம், அதே நாக்கு ஊதாவாகிற பழம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஒரே குஷி. எல்.கே.ஜி.யில் ஏ ஃபார் ஆப்பிள் என்று கத்திவிட்டு, சாயங்காலம் நாவல் பழம் பொறுக்கப் போன தலைமுறைதானே நானும்!

வுட்ஸனுக்கு அந்த வகுப்பறை ஏன் அத்தனை முக்கியமாகப் பட்டது? அடுத்தவன் சரித்திரத்தையும் அடுத்தவன் மரத்தையும் படித்து வளர்கிற பிள்ளை, தன்னிடம் எதுவும் இல்லை என்று நம்பிவிடும் என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் தன் ஜனத்துக்கு நடந்ததும் அதுதான் என்று அவருக்குப் பட்டது. 1966-ல் பிலிப்பைன்ஸ் சரித்திர ஆசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பிய கட்டுரை. துப்பாக்கியால் முடியாததை ஆங்கிலப் பள்ளிக்கூடம் முடித்துக் கொடுத்தது என்பது சாரம். தலைப்பு, வுட்ஸன் புத்தகத் தலைப்பின் அச்சு. ஒரே ஒரு சொல்தான் வேறு.

ஆனால் இதை வெறும் சதி என்று முடித்துவிடவும் எனக்கு மனசு வரவில்லை. ஸ்பெயின்காரர்கள் 333 வருடம் இருந்தும் அவர்கள் மொழி நூற்றுக்குச் சில பேரோடு நின்றுபோனது. எல்லோருக்கும் கற்றுத் தரும் உத்தேசம் அவர்களுக்கு இல்லை. அமெரிக்கர்கள் வந்து நாற்பது வருடத்துக்குள், 1939 ஜனத்தொகைக் கணக்கில், நாலில் ஒருவருக்கு மேல் ஆங்கிலம் பேசினார்கள். விவசாயி வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போனாள். 1901-லேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வந்தது, 1908-ல் பல்கலைக்கழகம் வந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. 1925-ல் அமெரிக்கர்களே ஒரு குழு போட்டு ஆராய்ந்ததில், பெரும்பாலான பிள்ளைகள் நாலாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. முக்கால்வாசி நேரம் மொழியோடு மல்லுக்கட்டவே சரியாக இருந்தது. படித்து மேலே வந்தவர்கள் அடுத்த தலைமுறை வாத்தியார்களானார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. 1946 ஜூலை 4-ம் தேதி நாடு சுதந்தரமடைந்தது. ஆங்கிலம் மட்டும் மூட்டை கட்டவில்லை.

அந்த ஆங்கிலம் பிறகு ஏற்றுமதிச் சரக்கானது. 1974-ல் மார்க்கோஸ் ஒரு தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசாங்க வேலையாகவே ஆக்கினார். நர்ஸ், மாலுமி, வீட்டு வேலை. 2010 வாக்கில் டெலிபோன் கால் சென்டர் தொழிலில் இந்தியாவையே முந்தினார்கள். கடைசியில் வாத்தியார்களும் கிளம்பினார்கள். எந்த ஊருக்கு? அமெரிக்காவுக்கு. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் கிடைக்காமல் அங்கே பல பள்ளிக்கூடங்கள் திண்டாடிக்கொண்டிருந்தன.

2007 முதல் இரண்டு வருடத்தில் லூசியானா மாகாணத்துப் பள்ளிகளுக்கு பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் 350 ஆசிரியர்கள் போனார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஓர் ஏஜென்ஸி ஆளெடுத்தது. தாமஸ் கப்பலில் வந்தவனுக்கு அரசாங்கம் இடம் கொடுத்தது அல்லவா? இங்கே ஒவ்வொருவரும் சுமார் 16,000 டாலர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் ஊர்க் கணக்கில் அது பல வருடத்து வருமானம். முதல் தவணையைக் கட்டிய பிறகுதான் அடுத்த தவணை இருப்பதே பலருக்குத் தெரிந்தது. அதைக் கட்டும்வரை பாஸ்போர்ட் கைக்கு வராது. கட்டியதைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஏகப்பட்ட வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். போய் இறங்கியதும் இன்னொரு காகிதம். இரண்டாம் வருடச் சம்பளத்திலும் பத்து சதவிகிதம் தரவேண்டுமாம். கையெழுத்துப் போடாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல். விசா அவர்கள் கையில்.

2010-ல் அமெரிக்க ஆசிரியர் சங்கம் ஒன்றும் ஒரு மனித உரிமை அமைப்பும் கைகொடுக்க, கோர்ட்டுக்குப் போனார்கள். 2012 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. பள்ளிக் கல்வி வாரியத்தின் மீது தப்பில்லை. ஏஜென்ஸி மட்டும் 45 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தரவேண்டும்.

பெரிய தொகை. பேப்பரில் கொட்டை எழுத்தில் போடலாம். பழக்க தோஷம், இதையும் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 13,000 டாலர்கூட வரவில்லை. அவர்கள் கட்டியது 16,000.